விதி யாருக்கு?

நடுவர் அவர்களே, சேலத்துப் பெருமக்களே, வணக்கம்.

பள்ளி வளாகத்தில் புகையிலையை நிறுத்தப்போவது விதியா, அறிவுரையா என்பது இன்றைய தலைப்பு. நான் விதியின் பக்கம். எதிரணி அம்மா கேட்டார்: "2003-லேயே சட்டம் வந்தாச்சு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. மீறினால் 200 ரூபாய் அபராதம். இதற்கு எந்தக் கடைக்காரர் பயப்படுவார்?"

நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் அந்த 200 ரூபாயோடு முடியவில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவைப் பாருங்கள். குழந்தை கையில் புகையிலைப் பொருளைக் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். "அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி" என்று வந்து நிற்கும் பையனிடம் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரருக்கு இது தெரியுமா? அவனை அனுப்பிய அப்பாவுக்குத் தெரியுமா?

சரி, பள்ளிக்குள் வருவோம். எதிரணியினர் மாணவர்களைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பெரியவர்களைப் பற்றித்தான் கவலை. அம்மாப்பேட்டையில் தறியிலிருந்து எழுந்து வருகிறவரும், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்திலிருந்து ஓடி வருகிறவரும் பெற்றோர் கூட்டத்தில் வெற்றிலை, புகையிலையை மென்றபடியே உட்காருவதுண்டு. மலைக்கிராமத்துக்குப் புதிதாக வந்த டீச்சர், தன் அப்பா வயதுள்ளவரிடம் "துப்பிட்டு வாங்க" என்று எப்படிச் சொல்வார்? அறிவுரை சொல்ல வயது வேண்டும், உரிமை வேண்டும். வாசலில் பலகை இருந்தால், "நானா சொல்லலைங்க அய்யா, பள்ளிக்கூட விதிங்க" என்று சொல்லிவிடலாம். அவர் மரியாதையும் குறையாது, டீச்சர் பயப்படவும் வேண்டாம்.

இன்னொன்று. 2003 சட்டம் பொது இடத்தில் தடுப்பது புகைப்பதை மட்டும்தான், மெல்லுவதை அல்ல. இன்றைக்குப் பையன்கள் உதட்டுக்கடியில் ஒளித்து வைக்கிற பொட்டலத்தில் புகையே கிடையாது, வாசனைகூட இனிப்பாக இருக்கிறது. அதனால்தான் மத்திய அரசின் புகையிலையற்ற கல்வி நிறுவன வழிகாட்டுதல், எந்த வடிவப் புகையிலையும் வளாகத்தில் கூடாது என்கிறது. ஆசிரியருக்கும் வருகிறவர்களுக்கும் அது பொருந்தும். 100 கெஜத்தில் மஞ்சள் கோடு போடச் சொல்வதும் அதுதான். உங்கள் தெருப் பள்ளியில் அந்தக் கோடு இருக்கிறதா என்று நாளைக் காலையில் போய்ப் பாருங்கள்.

அப்புறம், "விதி வந்தால் பையன்களுக்கு டிசி கொடுத்து விரட்டுவார்கள்" என்று பயந்தார்களே, அந்தப் பயம் எனக்கும் உண்டு. வளரும் மூளையை நிக்கோட்டின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டவனை வெளியே தள்ளினால், அவன் நேராகப் போய் நிற்பது பொட்டலம் விற்றவரின் கடையில்தான். அவனை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணை அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் கொடுங்கள். எந்தக் கடையில் வாங்கினான் என்று கேட்டுப் புகாரைக் கடை மீது எழுதுங்கள். ஒரு தலைமையாசிரியரின் நல்ல மனசை நம்பி இதை விட முடியாது, நடுவர் அவர்களே. இதையும் விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.