தோட்டத்து டிராம்போலின்: வலை மட்டும் காப்பாத்தாது

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான்ல எங்க வீட்டுப் பின்கட்டைத் தாண்டி, தோட்டத்துல நிக்கிறேன். மே லீவுக்குப் பிள்ளைக வர்றதுக்குள்ள, அவங்க ஏறிக் குதிச்சு விளையாடுற இந்த டிராம்போலினைச் சரி பண்ணிரணும்னு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன்.

பொங்கலுக்கு வந்திருந்தப்ப என் தங்கச்சி மகளுக்கு ஸ்பிரிங் இடுக்குல கால் மாட்டிக்கிச்சு. எலும்புக்கு ஒண்ணும் ஆகல, கெண்டைக்கால்ல தோல் உரிஞ்சு போச்சு. அந்தப் பிள்ளை அழுதது இன்னும் காதுலயே இருக்கு. ஸ்பிரிங் மேல பேடு, அதான் மெத்தை உறை, போட்டுத்தானே இருந்தோம், எப்படின்னு பாத்தா...

கிட்ட வாங்க. ஸ்பிரிங்கை மூடியிருக்கிற இந்த நீலப் பேடு, தள்ளி நின்னு பாத்தா நல்லாத்தான் தெரியும். விரலை வச்சுத் தேய்க்கிறேன் பாருங்க. நீலம் மாவா வருது. உள்ள ஃபோம் பொரி மாதிரி உதிருது. நம்ம ஊரு வெயில் இதைத் தின்னுருச்சு. சுத்திக் கட்டியிருக்கிற வலையும் அப்படித்தான், ரெண்டு கையால இழுத்தா நூல் இத்துப்போய் விட்டுருது. அதான் ரெண்டையும் மாத்துறேன். பேடு ஸ்பிரிங், இரும்பு வளையம் ரெண்டையும் முழுசா மூடணும், அடியில பட்டை போட்டு இறுக்கணும். வலை ஸ்பிரிங்குக்கு உள்பக்கமா வரணும். அப்பத்தான் மோதுற பிள்ளை திரும்ப குதிக்கிற விரிப்புலயே விழும். கம்பத்துக்கும் ஃபோம் உறை மாட்டியாச்சு.

ஐயா, "வளவுல போடலாமே, நிழலா இருக்கும்"னாங்க. வளவுன்னா வீட்டுக்குள்ள இருக்கிற முற்றம்; சுத்தித் தூணு, கீழ ஆத்தங்குடிக் கல்லு. வேணாம்னுட்டேன். இங்கயே கொடிக்கயிறை அவுத்து, தென்னமட்டையை வெட்டிட்டோம். ஆடிக்காத்து தூக்கிரும், அதனால காலுக்குக் கால் முளையடிச்சுக் கட்டியிருக்கு.

இப்ப முக்கியமான விஷயம். இவ்வளவு மாட்டிட்டோம்னு நிம்மதியா உள்ள போய் உக்காந்துராதீங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012ல வெளியிட்ட அறிக்கையில, வலை, பேடு வந்ததால காயம் பெருசாக் குறைஞ்சிரலன்னே சொல்றாங்க. வீட்டுல வைக்கவே வேணாங்கிறதுதான் அவங்க கருத்து. காயத்துல முக்கால்வாசி ஒண்ணுக்கு மேல ஆளுக சேந்து குதிக்கிறப்ப வர்றதுதானாம். பெரியவன் இறங்குற வேகத்துல விரிப்பு சின்னதை எதிர்பாக்காத நேரத்துல தூக்கி எறியும். அடி எப்பவுமே எடை கம்மியான பிள்ளைக்குத்தான் அதிகம்.

அதனால எங்க வீட்டுல ஒரு நேரத்துல ஒரு பிள்ளைதான். குட்டிக்கரணம் கிடையவே கிடையாது, கழுத்து போயிரும். ஆறு வயசு ஆகாததுகளை ஏத்துறதே இல்ல. பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல நிக்கணும், செல்போன் பாக்காம.

குதிச்சு முடிச்சதும் ஏணியைக் கழட்டி இரண்டாங்கட்டுல வச்சுப் பூட்டிருவோம். சாவி அப்பத்தா இடுப்புல இருக்கும். அவங்ககிட்ட எந்தப் பிள்ளை கெஞ்சலும் எடுபடாது.