தலைப்பு ‘நீர்’: நீலத் துணியை விட்டால் வேறு வழி உண்டா?

அடுத்த கேள்வி. குயில்ட், அதாவது மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த விரிப்பு, தைக்கும் நேயர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். “படுக்கைக்கான குயில்ட்டுகள் சில தைத்து முடித்திருக்கிறேன். இப்போது முதன்முறையாக ஒரு தலைப்புச் சவாலில் பெயர் கொடுத்திருக்கிறேன். தலைப்பு ‘நீர்’. அளவு 16 அங்குலச் சதுரம். எட்டு வாரம் அவகாசம். ஏற்பாட்டாளர்கள் எல்லோருக்கும் ஒரே துணியை அனுப்பியிருக்கிறார்கள், அது மேல்பக்கத்தில் அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டுமாம். கடுகு மஞ்சளில் பெரிய பூப்போட்ட துணி! எல்லோரும் நீல அலைதான் தைப்பார்கள் என்று தோன்றுகிறது. நான் தலைப்பிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம்? விலகினால் நடுவர்கள் ஒதுக்கிவிடுவார்களா? இதற்கெல்லாம் எனக்குத் தகுதி இருக்கிறதா?”

தகுதியைப் பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். படுக்கைக் குயில்ட்டை முடித்தவருக்கு இது அளவில் சின்ன வேலை. 80க்கு 96 அங்குலப் படுக்கைக் குயில்ட்டின் பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான் இந்தச் சதுரம். துணி பாழாகும் என்று பயப்பட இதில் எதுவுமே இல்லை. சரியாக வரவில்லையென்றால் இன்னொன்று தைக்கலாம். சவால் நடத்துகிறவர்கள் சின்ன அளவையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் ஹூஸ்டன் குயில்ட் விழாவையொட்டி 2002இல் தொடங்கிய நாட்குறிப்புக் குயில்ட் திட்டத்தில் அளவு எட்டரைக்குப் பதினொரு அங்குலம், அதாவது ஒரு கடிதத்தாள் அளவு. மாதம் ஒன்று தைக்க வேண்டியிருந்தது. அந்த அளவில் எவருக்கும் துணிச்சல் வந்துவிடும்.

நடுவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பை அப்படியே படமாகத் தைத்தால்தான் பரிசு என்று பலர் நம்புகிறார்கள். 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் என்ற அமெரிக்க வணிக நிறுவனம் ஒரு தேசியக் குயில்ட் போட்டி நடத்தியது. ஏறத்தாழ 25,000 குயில்ட்டுகள் வந்தன. முதல் பரிசு ஆயிரம் டாலர். வெல்லும் குயில்ட் கண்காட்சியின் தலைப்பான ‘முன்னேற்றத்தின் நூற்றாண்டு’ என்பதைக் காட்டினால் மேலும் இருநூறு டாலர் என்று அறிவித்தார்கள். இருநூறு டாலர் அந்தப் பொருளாதார மந்த காலத்தில் பெரிய தொகை. வானளாவிய கட்டடங்களையும் விமானங்களையும் துணியில் கொண்டுவர எத்தனையோ பெண்கள் மாதக்கணக்கில் பாடுபட்டார்கள். முதல் பரிசு எதற்குப் போனது தெரியுமா? மிக நேர்த்தியாகத் தைக்கப்பட்ட, வழக்கமான நட்சத்திர வடிவக் குயில்ட் ஒன்றுக்கு. தலைப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தலைப்பை நம்பித் தைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அன்றைய நடுவர்களின் ரசனை பழைய பாணி. இன்றைக்குத் தலைப்புச் சவால்களை நடத்துகிறவர்கள் புதிய பார்வையை எதிர்பார்த்துத்தான் நடத்துகிறார்கள். ஆனாலும் ஒன்று மாறவில்லை: தலைப்பு எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், தையல் தளர்ந்தும் ஓரம் நெளிந்தும் இருந்தால் அது கண்ணை உறுத்தும். ஆகவே எவ்வளவு தூரம் விலகலாம் என்ற கணக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். துணியும் நூலும் நடுப்பஞ்சும் சேர்ந்து நீரைப் பற்றி என்ன சொல்ல முடியும், வண்ணப் பென்சிலால் சொல்ல முடியாதது அதில் என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால் தேட வேண்டியது அதைத்தான்.

நீர் என்றதும் அலை, மழைத்துளி, மீன், குடை எல்லாம் வரிசையாக மனத்தில் வந்து நிற்கும். எல்லாம் பெயர்ச்சொற்கள். பெயரைப் பிடித்தால் படம்தான் வரும். வினையைப் பிடித்துப் பாருங்கள். நீர் என்னவெல்லாம் செய்கிறது? நனைக்கிறது, ஊறுகிறது, கசிகிறது, கரைக்கிறது, அரிக்கிறது, தேங்குகிறது, மட்டம் தேடுகிறது, உறைகிறது, ஆவியாகிறது, வற்றுகிறது. இவற்றில் பாதிக்குமேல் துணியிலேயே நடத்திக் காட்டக்கூடியவை.

அரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து துணிகளை அடுக்கி, குறுக்குவாட்டமாக, அதாவது இழைக்கு 45 பாகைச் சாய்வில், அரை அங்குல இடைவெளியில் வரிவரியாகத் தைக்கிறீர்கள். பிறகு அந்த அடுக்கில் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள துணியை மட்டும் விட்டுவிட்டு, தையல் வரிகளுக்கு இடையே மேலடுக்குகளைக் கத்தரிக்கிறீர்கள். அலசி உலர்த்தித் தேய்த்தால் வெட்டிய ஓரங்கள் சிலிர்த்துக்கொண்டு உள்நிறங்களைக் காட்டும். மண் அரித்து அடுக்கடுக்காகத் தெரியும் ஆற்றங்கரை அதுதான். கீற்று நீலம்கூட வேண்டாம். இங்கே ஓர் எச்சரிக்கை: அலசுவதை நடுப்பஞ்சு வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அளவு கைவிட்டுப் போய்விடும்.

ஓடுதல், தேங்குதல் இரண்டையும் ஒரே நிறத் துணியில், வெறும் குயில்ட்டிங் தையலாலேயே, அதாவது மூன்று அடுக்கையும் பிணைக்கும் தையலாலேயே, காட்டலாம். நெருக்கமாகத் தைத்த இடம் தட்டையாக அமுங்கும், தைக்காமல் விட்ட இடம் உப்பி நிற்கும். குயில்ட்டின் மொத்த ரகசியமும் இந்த மேடு பள்ளம்தான். ஒரு பக்கம் கால் அங்குலத்துக்கும் குறைவான இடைவெளியில் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், அவற்றின் நடுவே தைக்காமல் விட்ட சில வட்டங்கள். பாறைகளைச் சுற்றி நீர் ஓடுகிறது. வெள்ளைத் துணி, வெள்ளை நூல். பக்கவாட்டிலிருந்து விளக்கொளி விழுந்தால்தான் தெரியும், விழும்போது அசத்திவிடும்.

மட்டம் தேடுவது எனக்கு மிகவும் பிடித்தது. துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் வழக்கமான பேட்ச்வொர்க் சதுரங்களே போதும். ஒரே உயரத்தில் கிடையாக ஒரு கோடு எல்லாச் சதுரங்களையும் ஊடுருவிச் செல்கிறது. கோட்டுக்கு மேலே துணியின் இயல்பு நிறம், கீழே அதே வகை நிறத்தில் இரண்டு படி அடர்த்தி. வெள்ளம் வடிந்த சுவரில் நிற்கும் கறையைப் பார்த்த எவருக்கும் அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இதில் கண்ணாடி போன்ற தோற்றமும் கிடைக்கும்: இரண்டு நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவதுபோல் காட்ட, குறுக்கிடும் இடத்தில் இரண்டுக்கும் நடுவிலான மூன்றாவது துணியை வைத்துத் தைத்தால் போதும். கண் தானாக அதை ஒளிபுகும் பொருளாக எடுத்துக்கொள்ளும். அங்கே நிறத்தைவிட வெளிர்–அடர் வேறுபாடுதான் வேலை செய்கிறது. துணிகளை வரிசையாக வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் துணியை மாற்றுங்கள்.

வற்றுதல், தாகம் என்று நீர் இல்லாததைத் தைக்கலாமா என்றும் கேட்பீர்கள். தைக்கலாம், ஆனால் அந்தப் புத்திசாலித்தனம் இன்னும் பலருக்குத் தோன்றும். வெடித்த நிலம் என்பது நீல அலைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேரும் இடம். அதைத் தொடுவதானால் தையல் வேறு யாரிடமும் இல்லாததாக இருக்கட்டும்.

தலைப்பிலிருந்து தூரம் போனால் திரும்பி வரும் வழியைப் பெயரில் வையுங்கள். சுவர்க் கறைக் குயில்ட்டுக்கு ‘இரண்டாம் நாள்’ என்று பெயர் வைத்தால் பார்ப்பவர் அரை நொடி நின்று கோட்டைப் பார்ப்பார். ‘நீரின் பயணம்’ என்று வைத்தால் தாண்டிப் போய்விடுவார். குறிப்பு எழுதச் சொன்னால் மூன்று வாக்கியம் போதும். பத்தி பத்தியாக விளக்கினால்தான் புரியும் என்றால், குறிப்பைத் திருத்திப் பயனில்லை, குயில்ட்டைத்தான் திருத்த வேண்டும்.

இனி அந்தக் கடுகு மஞ்சள் பூத்துணி. சிரிக்காதீர்கள், ஏற்பாட்டாளர்கள் வேண்டுமென்றேதான் இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகான துணியைக் கொடுத்தால் எல்லோரும் அதை அப்படியே நடுவில் வைத்துவிடுவார்களே! இங்கே விதியை எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். ‘அடையாளம் தெரியும்படி’ என்பதும் ‘ஏதாவது ஓர் இடத்தில்’ என்பதும் ஒன்றல்ல. சாயம் ஏற்றலாமா, பின்பக்கத்தைத் திருப்பி வைக்கலாமா, ஓரத்தை மூடித் தைக்கும் விளிம்புப் பட்டையில் வந்தால் கணக்கில் சேருமா என்று முதல் வாரமே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஏழாவது வாரத்தில் கேட்டால் பதிலைக் கேட்கும் தைரியம் உங்களுக்கே இருக்காது.

பெரிய பூவின் தொல்லை அதன் அளவுதான். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிவிட்டால் பூ காணாமல் போய், வளைந்த கோடுகளும் நிறத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். ஆனால் உங்கள் விதி அடையாளம் கேட்கிறது. ஆகவே ஒன்றிரண்டு இடங்களில் பூவின் ஒரு முழு இதழாவது இருக்கட்டும், மற்றவை துண்டுகளாகட்டும். நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் கத்தும் என்று பயந்தீர்களானால், நீலத்தை விட்டுவிடுங்கள். கலங்கிய நீர் கடுகு நிறம்தான். புதுமழையில் பெருக்கெடுத்த எந்த ஆற்றையும் நினைத்துப் பாருங்கள். மண்பழுப்பு, சாம்பல், கொஞ்சம் துருநிறம் ஆகியவற்றைச் சேர்த்தால் கட்டாயத் துணிதான் அங்கே நாயகன். நீல அலைகளுக்கு நடுவே உங்கள் குயில்ட் தனியாகத் தெரிவதற்கு வேறு எந்தத் தந்திரமும் வேண்டியதில்லை.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 16 என்றால் 16. பதினைந்தே முக்கால் வந்தால் சில சவால்களில் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். குயில்ட்டிங் தையல் நெருங்க நெருங்கத் துணி உள்வாங்கும். அதனால் மேல்துணியைப் பதினேழரையிலிருந்து பதினெட்டு அங்குலம்வரை வைத்துத் தையுங்கள். நடுப்பஞ்சும் அடித்துணியும் அதைவிடப் பெரிதாக இருக்கட்டும். தைத்து முடித்த பிறகு அளவுகோலை வைத்துச் சதுரமாக வெட்டி, அதன் பிறகு விளிம்புப் பட்டை. முக்கியமான எதையும் ஓரத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குள் வைக்காதீர்கள், அது வெட்டுப்படும் பகுதி.

எட்டு வாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி வாரம் பட்டை, தொங்கவிடும் கம்பியை நுழைக்கப் பின்பக்கத்தில் தைக்கும் துணிக்குழல், புகைப்படம் ஆகியவற்றுக்குப் போய்விடும். இரண்டாம் வாரக் கடைசியில் எண்ணத்தை முடிவு செய்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். அதற்குப் பிறகு தோன்றும் அற்புதமான யோசனைகள் அடுத்த சவாலுக்கு. இன்னொன்று: இந்த ஒரு வேலையில் ஒரு புதுமைதான். தலைப்பு உங்களுக்குப் புதிது, அது போதும். கூடவே முதன்முறையாகத் துணிக்குச் சாயமேற்றுவது, முதன்முறையாகத் துணியைக் கையால் நகர்த்தித் தைப்பது என்று சேர்த்தால் எது கெட்டது என்றே தெரியாது.

படத்தைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்களா, நேரில் பார்த்தா என்றும் விதியில் பாருங்கள். படம் என்றால், நேர் வெளிச்சத்தில் மேடு பள்ளம் முழுவதும் மறைந்துவிடும். சன்னலுக்குப் பக்கவாட்டில் சுவரில் தொங்கவிட்டு எடுங்கள். ஒரு முழுப் படம், ஒரு நெருக்கப் படம். இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்து வடிவம் வரைந்திருந்தால், எடுத்தவரின் அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள். சொந்த வடிவமா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள்.

உதவி பெற்றதையும் எழுதிவிட வேண்டும். முன்னே சொன்ன 1933 போட்டியின் பின்கதை இதுதான்: முதல் பரிசு வாங்கியவர் அந்தக் குயில்ட்டில் ஒரு தையல்கூடப் போடவில்லை. கூலிக்குத் தைத்த பெண்களின் பெயர் எங்குமே வரவில்லை என்பதைப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆகவே குயில்ட்டிங்கை வேறொருவர் இயந்திரத்தில் போட்டுக் கொடுத்திருந்தால் அவர் பெயரும் பின்பக்கத் துணிச்சீட்டில் வரட்டும். குயில்ட்டின் பெயர், உங்கள் பெயர், ஆண்டு, அளவு ஆகியவற்றை அழியாத மையில் எழுதி, பட்டை போடும்போதே மூலையில் சேர்த்துத் தைத்துவிடுங்கள். ஊசி குத்திவைத்த சீட்டு அஞ்சலில் எங்கோ விழுந்துவிடும்.

சரி, அடுத்தது நூல் அடிக்கடி அறுந்துபோகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இயந்திரத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறார், அதைப் பார்ப்போம்.