இருட்டில் திறந்த அஞ்சறைப் பெட்டி

(பட்டிமன்றத் தலைப்பு: குடும்பத்தின் நலம் காப்பது அஞ்சறைப் பெட்டியா, மருந்துப் பெட்டியா? ‘அஞ்சறைப் பெட்டியே’ அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, இந்தத் தைப் பனியிலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நேராக ஒரு ராத்திரிக்குப் போகிறேன்.

எனக்கு எட்டு வயது. ஐப்பசி அடைமழை. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. மழை பிடித்துக்கொண்டால் பஸ் வராது, கரிசல் சகதியில் சைக்கிள் சக்கரம் உருளாது. எனக்கு நெஞ்செல்லாம் சளி, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. விளக்கில் மண்ணெண்ணெய் இல்லை. தீப்பெட்டியில் மிச்சம் நாலே நாலு குச்சி. அதையும் அடுப்பு பற்றவைக்க வேண்டும் என்று அம்மா எடுத்து வைத்துவிட்டாள்.

அந்தக் கும்மிருட்டில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். பெயர்தான் அஞ்சறை, எங்கள் வீட்டுப் பெட்டியில் ஏழு கிண்ணம். கையை உள்ளே விட்டாள். கடுகு, விரலிடுக்கில் வழுக்கி ஓடும். வெந்தயம், கோணல்மாணலாகக் கல் மாதிரி நெருடும். மிளகு உருளும், ஆனால் தோலில் சுருக்கம் தட்டுப்படும். சீரகமும் சோம்பும்தான் கஷ்டம், கைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அம்மா நாலு மணியை இரண்டு விரலால் கசக்கி மூக்குப் பக்கம் கொண்டுபோனாள். "இதுதான் சீரகம்" என்றாள்.

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். அந்தக் கை உங்களுக்கும் இருக்கிறது, அதனால்தான் சிரிக்கிறீர்கள்.

அப்புறம் அம்மி. மிளகு உடையும்போது சத்தம் வரும். பூண்டு நசுங்கும்போது சத்தம் வராது, வாசனைதான் வரும். கொஞ்சம் புளி, மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை. ஈர விறகை ஊதி ஊதி அந்த ரசம் கொதித்தபோதுதான் அடுப்பு வெளிச்சத்தில் அம்மா முகமே தெரிந்தது. ஒரு டம்ளர் குடித்தேன். நெற்றி வியர்த்தது, மூக்கு விட்டது. தூங்கிப் போனேன்.

இதைத்தான் எங்கள் அணியில் முதலில் பேசியவரும் சொன்னார், மிளகு ரசத்தின் அருமையை. அதற்கு எதிரணிச் சகோதரி என்ன கேட்டார்? "கடுகுக்கும் மிளகுக்கும் எம்.பி.பி.எஸ். பட்டம் கொடுத்தது யார்?" நீங்களும் நன்றாகக் கை தட்டினீர்கள். எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

சகோதரி, பட்டம் கொடுக்கிற கல்லூரி பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 1964இல் தொடங்கியது. அங்கே மிளகையும் சுக்கையும் பாடமாகவே படிக்கிறார்கள். ஒரு மருந்துச் சரக்கு என்றால் முதலில் அதன் சுவை என்ன, அடுத்து வீரியம் வெப்பமா தட்பமா, செரித்த பிறகு எந்தச் சுவையாகப் பிரியும் என்று மூன்று கேள்வி. நம் பாட்டி "அது சூடு, இது குளிர்ச்சி" என்று ஒரே வார்த்தையில் சொன்னது இந்த வீரியத்தைத்தான்.

மறுபடியும் அந்த இருட்டுக்குள் வாருங்கள், அம்மாவின் கை எங்கே போனது என்று பார்ப்போம். முதலில் மிளகுக்குப் போனது. வீரியம் வெப்பம், கபத்தை அறுக்கும். பக்கத்திலேயே வெந்தயம் இருந்தது. அது விரலில் பட்டதும் தள்ளிவிட்டாள். அது குளிர்ச்சி. சித்திரை வெயிலில் வயிறு எரிந்தால் அதே வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுப்பாள், ஐப்பசிச் சளிக்குத் தொடமாட்டாள். அடுத்து சீரகத்தைத் தேடிக் கசக்கி மோந்து எடுத்தாளே, ஏன்? மிளகின் சூடு வயிற்றைப் பிடிக்காமல் இருக்க. சீரகம் தட்பம். அகத்தைச் சீராக்குவதால் சீரகம் என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். நோய் என்ன, பருவம் என்ன, பிள்ளையின் வயிறு தாங்குமா என்று மூன்றையும் கணக்குப் போட்டது அந்தக் கை. எட்டாம் வகுப்புகூடப் படிக்காத கை.

கிண்ணத்தில் மஞ்சளும் இருந்தது. பட்டம் கேட்டீர்களே சகோதரி, மஞ்சளுக்குப் பட்டயமே எழுதிவிட்டார்கள், அமெரிக்காவில். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது எங்கள் கண்டுபிடிப்பு என்று மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு மஞ்சளைக் குழைத்துப் போடாத வீடு இந்த ஊரில் உண்டா? நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடியது. பழைய வடமொழி நூல்களையும், இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953இல் வந்த கட்டுரையையும் எடுத்து வைத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. இதில் புதிது ஒன்றுமில்லை, இந்தியாவில் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே ஒப்புக்கொண்டது. அடுக்களைக்குக் கிடைத்த தீர்ப்பு அது.

இன்னொன்று. மஞ்சளில் இருக்கிற குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் லேசில் சேராது. மிளகில் இருக்கிற பைப்பரினோடு கொடுத்தால் ரத்தத்தில் அது சேர்வது ஏறத்தாழ 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூரில் செய்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. அம்மா அந்த ரசத்தில் மஞ்சளையும் மிளகையும் சேர்த்துத்தானே போட்டாள்?

சரி, நெஞ்சுவலிக்கும் ரசம் வைப்பீர்களா என்று அடுத்து வருகிறவர் கேட்பார். மாட்டோம். நெஞ்சுவலி என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. எது எதுவரைக்கும் என்கிற அளவும் அஞ்சறைப் பெட்டிக்குத் தெரியும். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று சொல்லி, சுக்கின் தோலைச் சீவி, கடுக்காயின் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். மருந்துக்குள்ளேயே நஞ்சு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்தவர்கள் அவர்கள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, அந்த ராத்திரியைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு அம்மாவும் இருமிக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பை ஊதும்போது நிறுத்தி நிறுத்தி இருமினாள். புகை என்று நினைத்தேன். தெளிந்த ரசத்தை எனக்கு ஊற்றிவிட்டு, சட்டியின் அடியில் தங்கிய வண்டலில் வெந்நீர் விட்டு அலசிக் குடித்தாள். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

தாய்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நீங்கள் வைத்துக் கொடுக்கிறீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வைத்துக் கொடுத்தார்கள்? சொல்லுங்கள். கை தட்ட வேண்டாம், சொல்லுங்கள்.

போன கார்த்திகையில் அம்மா என் வீட்டில் இருந்தாள். காய்ச்சல். டாக்டரிடம் கூட்டிப் போனேன், மாத்திரை கொடுத்தார், போட்டாள். சாயங்காலம் நான் அடுக்களைக்குள் போனேன். அதே பெட்டி, அதே ஏழு கிண்ணம். வெளிச்சம் இருந்தும் சீரகத்தை எடுத்துக் கசக்கி மோந்துதான் போட்டேன். கட்டிலில் படுத்தபடியே அம்மா குரல் கொடுத்தாள்: "பூண்டு இன்னும் வேகல, இறக்கிராத." வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

வேகவிட்டு, வடித்து, தெளிவாக ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊதி ஊதிப் பாதி குடித்தாள். நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"காலையில இருந்து நீ தும்மிக்கிட்டே இருக்க. இந்தா, மிச்சத்தை நீ குடி."

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.