திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டில் முதல் வேலை, சமையலறைப் பரணில் இருக்கும் அடுத்த வீட்டுப் பாத்திரங்களை இறக்கி வைப்பது. தீபாவளிக்கு அதிரசம் வந்த எவர்சில்வர் டப்பா, பக்ரீத்துக்குப் பிரியாணி வந்த தூக்கு, அந்தப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காய் வந்த சின்னக் கிண்ணம். எங்கள் வேலூர்ப் பக்கம் பிரியாணி தனியாக வராது, கத்தரிக்காயைக் கூட்டிக்கொண்டுதான் வரும். அதனால் பாய் வீட்டுக்கு மட்டும் எப்போதும் இரண்டு பாத்திரம் பாக்கி இருக்கும்.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது உங்கள் வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். ஒன்றுமில்லை என்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்புவோம். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அச்சுமுறுக்கும் கலகலாவும் போட்டு அனுப்புகிறோம். கூடவே, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கையால் செய்த ஒரு பொருளும் போகும், பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகம். அந்தப் பொருளைப் பற்றித்தான் இன்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் அப்பா பைண்டிங் வேலை செய்தவர். லாங் பஜார் பக்கம் ஒரு சின்னக் கடை. 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, 2019-ல் வேலூர் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. அப்பாவின் ரசீதுப் புத்தகத்தில் மட்டும் கடைசிவரை வட ஆற்காடு என்றே இருந்தது. அச்சடித்தது தீரட்டும் என்பார். தீரவே இல்லை.

டிசம்பர் அவருக்கு சீசன். அட்டை பிய்ந்த பைபிளும் பாட்டுப் புத்தகமும் வந்து குவியும். எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் வேண்டும். அந்த வேலை முடிய இருபது, இருபத்தொன்றாம் தேதி ஆகிவிடும். அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டிலிருந்து அடுத்த வீடுகளுக்குப் போகும் நோட்டுப் புத்தகங்கள். எங்களுக்கும் அரையாண்டுப் பரீட்சை முடிந்திருக்கும். கூடத்தில் பாயை விரித்து, நடுவில் பசைக் கிண்ணத்தை வைத்தால் அன்று இரவு யாரும் தூங்கப் போக முடியாது.

தாள் விலைக்கு வாங்கியதில்லை. பள்ளிக்கூடம் முடியும்போது நோட்டுகளில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து, அம்மா பழைய அரிசி மூட்டைக்குள் சேர்த்து வைத்திருப்பார். கடையில் கழித்துப் போட்ட பெரிய தாள்களும் இருக்கும். பெரிய தாளை மூன்று முறை மடித்தால் எட்டுத் தாள், பதினாறு பக்கம். பைண்டிங்காரர்கள் இதை ஒரு ஃபாரம் என்பார்கள். மடித்த இடத்தை ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்ப்பது சின்னப் பிள்ளைகள் வேலை. குத்தூசியால் ஓட்டை போடுவது அண்ணன். நூலில் மெழுகு தேய்த்துத் தைப்பது நான். மெழுகு தேய்க்காத நூல் இரண்டாவது ஃபாரத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

பசை காய்ச்சுவது அம்மா. மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். மாவு வெள்ளை மாறி, கஞ்சிபோலக் கண்ணாடி நிறம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். கடையில் அப்பா அதில் மயில்துத்தம் கலப்பார், பூச்சி அரிக்காது. அது விஷம். அதனால் வீட்டுப் பசையில் படிகாரம்தான் போடுவோம். ஒரு வருஷம் எதுவுமே போடாமல் விட்டோம். பொங்கலுக்குள் கரப்பான் பூச்சி ஓரத்தையெல்லாம் தின்றுவிட்டது. அந்த நோட்டு போனது எங்கள் சொந்த அத்தை வீட்டுக்கு. இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

வேலூர் வெயிலைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் பசை காய வேண்டிய வீட்டுக்கு அது வரம். மார்கழிப் பனியில் அந்த வரமும் கிடைக்காது. ஒட்டிய நோட்டை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் கஷ்டம். மணிக்கொரு தரம் குழவியைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

மேலட்டைக்கு என்ன கிடைக்கிறதோ அது. அக்காவைக் குடியாத்தத்தில் கொடுத்திருக்கிறோம். அங்கிருந்து கைலித் துண்டுகள் வரும். கட்டம் போட்ட கைலித் துணி அட்டைக்கு மிகப் பொருத்தம், கட்டத்தைப் பார்த்தே நேராக வெட்டிவிடலாம். ஆம்பூரில் ஷூ வேலைக்குப் போகும் சொந்தக்காரர் ஒருவர், வெட்டிக் கழித்த தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவார். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. முதுகுக்கும் மூலைகளுக்கும் அது போதும். தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவி மெல்லிசாக்கிவிட்டு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூலை மொத்தமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சீவுவதை அப்பா யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

இப்போது ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். அண்ணன் மகனுக்கு அப்போது ஏழு வயது. பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையை அவனிடம் கொடுத்தோம். நோட்டைத் திருப்பி வைத்து, பின்னட்டையில் ஒட்டிவிட்டான். அப்பா பார்த்தார், பிய்க்கக் கையைக் கொண்டுபோனார். பிய்த்தால் கைலித் துணியும் சேர்ந்து வரும். பையன் அழத் தயாராக உதட்டைப் பிதுக்கினான். அம்மா அடுப்படியிலிருந்தபடியே சொன்னார்: “அதை பாய் வீட்டு அம்மாவுக்கு வச்சிருங்க. அவங்க உருதுலதான கணக்கு எழுதறாங்க. வலது பக்கத்துலேருந்துதான திறப்பாங்க.”

அப்பா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையனிடம், “சரியாத்தான்டா ஒட்டியிருக்க” என்றார்.

அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் வேலையின் வரிசையே மாறிவிட்டது. முன்பு பத்து நோட்டு செய்து பத்து வீட்டுக்குப் பங்கு போடுவோம். இப்போது பெயரைத்தான் முதலில் எழுதுகிறோம். மாடி வீட்டுத் தாத்தா மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுகிறார், அவருக்குத் தோலில் ஒரு உறை, கழுத்தில் மாட்ட வாருடன். எதிர்வீட்டு டீச்சர் இடது கைக்காரர், அவருக்குத் தையல் மேல்பக்கம் வருகிற நோட்டு, கை இடிக்காது. நவம்பர் முழுக்கப் பிள்ளைகள் அடுத்த வீடுகளை வேவு பார்க்கிறார்கள். இது கொஞ்சம் வம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

நட்சத்திரம் செய்வோமா என்று கேட்பீர்கள். செய்வோம். மூங்கில் குச்சி ஐந்தைப் பின்னி ஒரு நட்சத்திரம், அதே அளவில் இன்னொன்று. இரண்டின் முனைகளையும் சேர்த்துக் கட்டி, நடுவில் ஐந்து சின்னக் குச்சிகளை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். மேலே கலர் தாள், உள்ளே பல்பு. அது எங்கள் வாசலுக்கு. யாருக்கும் கொடுப்பதில்லை.

இப்போது கைவேலை என்றாலே போனில் வீடியோ பார்த்து, பசைத் துப்பாக்கி, மினுமினுப்புத் தூள், ரெடிமேட் பூ என்று ஆயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கித் தொடங்குகிறார்கள். குறை சொல்லவில்லை, என் மருமகளும் வாங்கினாள். தூள் மட்டும் ஏப்ரல் வரை தரையிலிருந்து போகவில்லை.

அப்பா இப்போது இல்லை. தோல் சீவுவது என் கைக்கு வந்திருக்கிறது. அவர் அளவுக்கு மெல்லிசாக வருவதில்லை. பெயர்ச்சீட்டு ஒட்டிய பையன் கல்லூரிக்குப் போகிறான். பாய் வீட்டு நோட்டை இன்றும் அவன்தான் முடிக்கிறான்.

போன பக்ரீத்துக்குப் பிரியாணி வந்தபோது தூக்கோடு ஒரு பையும் வந்தது. உள்ளே அந்த முதல் நோட்டு. பால் கணக்கு, மளிகைக் கணக்கு, வலமிருந்து இடமாகக் கடைசி வரி வரை நிரம்பியிருந்தது. தோல் மூலைகள் கறுத்து வழவழவென்று ஆகியிருந்தன. அட்டையை மட்டும் பிரித்து, அதற்குள் புதுத் தாள் தைத்துத் தர முடியுமா என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். முடியும். நோட்டு அலமாரியில் இருக்கிறது. கத்தரிக்காய்க் கிண்ணமும் பரணில்தான் இருக்கிறது, டிசம்பர் வரட்டும் என்று.

வணக்கம்.