பிங் தரும் இரண்டு பதில்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே கடையில் இரண்டு கணினிகள். இரண்டிலும் இன்டர்நெட் வருகிறது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றதில் உள்ள பில்லிங் ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை. உடனே பலரும் செய்வது, வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளான ஃபயர்வாலை அடியோடு அணைப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோளாறு வேறெங்கோ இருக்கும். அணைத்த ஃபயர்வாலோ மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். விண்டோஸ் கணினியில் ஸ்டார்ட்டை அழுத்தி சிஎம்டி என்று தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று, இடைவெளி இல்லாமல் அடியுங்கள். எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன்: ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. நெட்வொர்க்கில் கணினியின் எண் முகவரியைக் காட்டும் ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியையும், அந்த முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் சப்நெட் மாஸ்க் வரியையும் இரண்டு கணினிகளிலும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மாஸ்க் 255.255.255.0 என்றால், முகவரியின் முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும், கடைசி எண் மட்டும் மாறவேண்டும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளை மாற்றுங்கள், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

ஒன்றில் 192.168.1.5, மற்றதில் 192.168.0.7 என்று இருக்கிறதா? இதுதான் இப்போது அதிகம் காணும் சிக்கல். ஃபைபர் மோடம் ஒன்று; வைஃபை எட்டவில்லை என்று வாங்கி மாட்டிய ரவுட்டர் இன்னொன்று. மோடத்திலிருந்து வரும் கேபிளை இரண்டாவது ரவுட்டரின் வான் போர்ட்டில், அதாவது இன்டர்நெட் கேபிளுக்கான துளையில், செருகியதால், அது தனக்குப் பின்னால் தனி நெட்வொர்க் ஒன்றை அமைத்துவிட்டது. உள்ளே இருக்கும் கணினி வெளியே உள்ளதை எட்டும். வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வதால் ஆட்கள் குழம்பிப்போகிறார்கள். அந்த ரவுட்டரின் செட்டிங்கில், தனி நெட்வொர்க் அமைக்காமல் வைஃபையை மட்டும் நீட்டித்தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால், வான் கேபிளைக் கழற்றிவிட்டு, ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 போல மோடத்தின் வரிசையில் யாரும் பயன்படுத்தாத எண்ணுக்கு மாற்றுங்கள். பிறகு, கணினிகளுக்கு முகவரி வழங்கும் வசதியான டிஎச்சிபியை அணைத்து, கேபிளை உள் கணினிகளுக்கான லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஎச்சிபியை விட்டுவிட்டால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும்.

வைஃபையில் கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தாலும் பக்கத்துக் கணினி தெரியாது. அது பிரித்துவைப்பதற்காகவே உள்ள வசதி.

எண்கள் சரியாக இருந்தால், அதே கறுப்புத் திரையில், எதிர்க் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டு, எதிர்க் கணினியின் முகவரியைக் கொடுங்கள். பதிலைச் சொல் சொல்லாக வாசியுங்கள். டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்று உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், எதிர்க் கணினி கம்பியில் குரலே கொடுக்கவில்லை: கேபிள், சுவிட்ச், வைஃபை, அல்லது அந்தக் கணினி தூங்கிவிட்டது. ரிக்வஸ்ட் டைம்ட் அவுட் என்று வந்தால் கதை வேறு. பிங் செய்த கையோடு ஏஆர்பி, ஓர் இடைவெளி, மைனஸ் ஏ என்று அடியுங்கள். பட்டியலில் அந்த முகவரிக்கு நேரே, நெட்வொர்க் கார்டின் சொந்த அடையாள எண்ணான பிசிக்கல் அட்ரஸ் தெரிந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. ஃபயர்வால்தான் பிங்கை விழுங்குகிறது.

அப்போதும் ஃபயர்வாலை அணைக்கவேண்டாம். செட்டிங்ஸில் அந்த இணைப்பைத் திறந்து, பப்ளிக் என்றிருப்பதை பிரைவேட் ஆக்கி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்கை அனுமதியுங்கள். தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கும் சொந்த ஃபயர்வால் இருக்கலாம்.

அடுத்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் பேக்ஸ்லாஷ் எனப்படும் இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் அதையடுத்து ஐபி எண்ணும் அடியுங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்காவிட்டால், பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். எண்ணை வைத்தே ஷார்ட்கட் செய்துகொண்டு, ரவுட்டரில் அந்த முகவரியை அந்தக் கணினிக்கே ஒதுக்கிவிடலாம்.

பாஸ்வேர்டு கேட்டால் மகிழுங்கள், நெட்வொர்க் சரியாகிவிட்டது. அங்கே தினமும் அடிக்கும் நான்கு இலக்கப் பின் நம்பர் செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டே வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. எனவே ஃபோல்டர் இருக்கும் கணினியில் பகிர்வுக்கென்று பாஸ்வேர்டுடன் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அதற்கு அனுமதி கொடுங்கள்.

வணக்கம்.