கம்பியில் கோத்த கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தபால்தலை சேகரிப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, உறையிலிருந்து தலையை வெட்டியெடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, பசை நீங்கியதும் நாளிதழின் மேல் உலர்த்தி, நாடு வாரியாக ஆல்பத்தில் ஒட்டும் பழக்கம்தான். எத்தனையோ பிள்ளைகளுக்கு உலக வரைபடத்தைக் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம் அது. ஆனால் செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் பழைய கடிதங்களில் அந்த முதல் வேலையை, அதாவது வெட்டுவதை, தயவுசெய்து செய்ய வேண்டாம். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றே. இடையிடையே இதையே திரும்பச் சொன்னால் நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிய தலை, நாட்டின் பெயரையும் விலையையும் சொல்லும். முழு உறையோ எந்த ஊரில் எந்த நாளில் போட்டார்கள், எந்த ஊர் வழியாக வந்தது, யாருக்கு வந்தது, எப்போது வந்து சேர்ந்தது என்பதையெல்லாம் சொல்லும். அந்நாளில், சேர்ந்த ஊரின் அஞ்சலகமும் உறையின் பின்புறத்தில் தேதியோடு முத்திரை குத்தியது. இரங்கூன் முத்திரைக்கும் காரைக்குடி முத்திரைக்கும் இடையே எத்தனை நாள் என்று கணக்கிட்டால், கப்பலும் இரயிலும் மாட்டுவண்டியும் அந்தக் கடிதத்தை எவ்வளவு வேகத்தில் கொண்டுவந்தன என்பது தெரிந்துவிடும். காரைக்குடிக்கு இரயில் வந்தது 1930இல். அதற்கு முன்னும் பின்னும் வந்த உறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பாதை நம் ஊருக்கு என்ன செய்தது என்பதைக் கண்ணால் காணலாம்.

நம் பகுதிக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் போய், மூன்றாண்டுக் கணக்கு முடியும் வரை ஊர் திரும்பாமல் இருந்ததால், வீட்டையும் கடையையும் இணைத்து வைத்திருந்தது கடிதம்தான். அவற்றின் மேலுள்ள முகவரியில் ஆள் பெயரைவிட விலாசத்தின் எழுத்துகளே, அதாவது குடும்பத்தையும் கடையையும் குறிக்கும் முன்னெழுத்துகளே, முன்னால் நிற்கும். அந்த எழுத்துகளைக் கொண்டே தபால்காரர் வளவை, அதாவது அந்தக் குடும்பத்தின் வீட்டை, கண்டுபிடித்துவிடுவார். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய ஊர்கள் 1867 வரை தமக்கெனத் தலை இல்லாமல், இந்தியத் தலைகளையே பயன்படுத்தின என்பது பலருக்குத் தெரியாது. விக்டோரியா மகாராணி படம் போட்ட சாதாரண இந்தியத் தலையின் மேல் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தும் 172 என்னும் எண்ணும் கொண்ட முத்திரை இருந்தால் அது சிங்கப்பூரில் போட்டது; 147 என்றால் பினாங்கு; 109 என்றால் மலாக்கா. தலையை வெட்டினாலும் இந்த எண் மிஞ்சலாம். ஆனால் பினாங்கிலிருந்து யாருக்கு, எந்த ஊருக்கு வந்தது என்பது வெட்டியெறிந்த தாளோடு போய்விடும்.

பர்மாவின் கதை இன்னும் நெருக்கமானது. 1937 மார்ச் 31 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே இரங்கூனிலிருந்து தேவகோட்டைக்கு எழுதும் கடிதத்துக்கும் மதுரையிலிருந்து எழுதும் கடிதத்துக்கும் தபால் கட்டணம் ஒன்றே. கடல் கடந்து வரும் கடிதம் உள்நாட்டுக் கடிதமாகவே வந்தது. அந்தக் கட்டணம் 1922இல் அரையணாவிலிருந்து ஓரணாவாகவும், 1931 இறுதியில் ஒன்றேகால் அணாவாகவும் உயர்ந்தது.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அங்கே போயிருந்தேன். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறைச் சுவரில் கொக்கி போட்ட இரும்புக் கம்பி ஒன்று தொங்கியது. அதில் கடிதங்கள் உறையோடு குத்திக் கோக்கப்பட்டு, ஒரு முழ உயரத்துக்கு இருந்தன. அந்த வீட்டு ஆச்சி, “தம்பி, எல்லாம் ஓட்டை விழுந்த காகிதம், எடைக்குப் போடத்தான் வச்சிருக்கோம், வேணும்னா பார்த்துக்கங்க” என்றார்கள். கம்பியிலிருந்து உருவாமல், மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். ஏன் உருவக்கூடாது என்றால், அந்த அடுக்குதான் வரலாறு. முதலில் வந்தது அடியில், கடைசியில் வந்தது மேலே. அதைக் குலைத்துக் குவித்துவிட்டால் எந்தக் கடிதத்துக்கு எது மறுமொழி என்பதை மறுபடி கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஓட்டை விழுந்த உறைக்கு விலை குறைவு என்று வியாபாரிகள் சொல்வார்கள். என் கணக்கில் அந்த ஓட்டை, கடிதம் படிக்கப்பட்டு, முறைப்படி பாதுகாக்கப்பட்டது என்பதற்கான அத்தாட்சி.

அந்தக் கம்பியின் நடுவில் தாது வருடம், அதாவது 1937, பங்குனி மாதக் கடிதங்கள் இரண்டு அடுத்தடுத்து இருந்தன. இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே கடை, இரங்கூனிலிருந்து ஒரே விலாசத்துக்கு வந்தவை. முதல் உறையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இந்தியத் தலை. அடுத்ததிலும் அதே மன்னர், அதே தலை. ஆனால் அதன் மேல் ‘பர்மா’ என்று ஆங்கிலத்தில் மேலச்சு விழுந்திருந்தது. ஏப்ரல் முதல் தேதி பங்குனிக்குள் வருகிறதல்லவா, அந்த ஒரே மாதத்துக்குள் நாடு பிரிந்துவிட்டது. கடிதத்துக்குள்ளே என்ன எழுதியிருந்தது தெரியுமா? முதலாவதில் நடப்பு வட்டியும் நெல் விலையும். இரண்டாவதிலும் நடப்பு வட்டியும் நெல் விலையும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒரு விசாரிப்பும். பிரிவினையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைச் சொன்னது தலையும் முத்திரையும் மட்டுமே. யாராவது ஒருவர் அந்த இரு தலைகளையும் கத்தரித்து எடுத்திருந்தால், கடிதம் வெறும் வட்டிக் கணக்காகவும், தலை வெறும் ஆல்பத் துண்டாகவும் போயிருக்கும்.

தாது வருடம் என்று சொன்னேன். நம் கடிதங்களில் பெரும்பாலும் தமிழ் வருடப் பெயரே இருக்கும். அதுவோ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விசு வருடம் ஆவணி என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1881ஆகவும் இருக்கலாம், 1941ஆகவும் இருக்கலாம். முத்திரையைப் பார்த்தால்தான் உறுதியாகும். குடும்பத்தில் பிறப்பு, திருமணம், சொத்துப் பிரிவினை ஆகியவற்றின் காலத்தைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், உறையை வெட்டாதீர்கள். கடிதத்தையும் உறையையும் பிரிக்காதீர்கள்.

இந்தக் கட்டுகளில் ஒன்று மட்டும் அநேகமாகக் கிடைக்காது. சாவுச் செய்தி எழுதிய கார்டின் மூலையில் கறுப்பு மை தடவி அனுப்புவதும், படித்தவுடன் அதைக் கிழித்தெறிவதும் நம் வழக்கமாக இருந்தது. மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதங்கள் பெட்டியில் தங்க, கறுப்பு மூலைக் கார்டுகள் மறைந்தன. ஆகவே ஒருவருடைய மறைவை, அவர் பெயருக்குக் கடிதம் வருவது நின்றுபோனதைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

காகிதத்தைக் காப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் புத்தகங்களோடு, பிறர் தூக்கியெறிந்த துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்க, அது சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. அந்த அளவு வேண்டாம், ஒரு வீட்டுக் கம்பி ஒன்று போதும்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலைய நண்பர் சைகை காட்டுகிறார். போர்க்காலத் தணிக்கைச் சீட்டு ஒட்டிய உறைகளைப் பற்றியும், 1942இல் சிங்கப்பூரும் இரங்கூனும் ஜப்பானியர் வசமானதும் போய்ச் சேராமல் திரும்பிய கடிதங்களைப் பற்றியும், பணம் செலுத்தச் சொல்லி எழுதும், அரசர் தலை அச்சிட்ட உண்டியல் தாள்களைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அவற்றுக்கு இன்று இடமில்லை. பாதுகாப்பு முறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிழிசலின் மேல் பசைநாடா ஒட்ட வேண்டாம், காலப்போக்கில் அது பழுப்பாகிக் காகிதத்தையே தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுத்துவிடுங்கள். லேமினேஷன் செய்யவே கூடாது. ஈரச் சுவரை ஒட்டாமல், தரையில் வைக்காமல், கரையானுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கம்பியிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் பென்சிலால் ஒவ்வொன்றின் மூலையிலும் வரிசை எண் எழுதிவிட்டு எடுங்கள். நன்றி, வணக்கம்.