மூவர் சேர்ந்தால்தான் பாட்டு: ஸ்வனேதி மலைமக்களின் இசை

நேயர்களுக்கு வணக்கம். காகசஸ் மலைத்தொடரின் தென்சரிவில், ஜார்ஜியா நாட்டின் வடமேற்கு மூலையில், எங்குரி ஆறு பிறக்கும் பள்ளத்தாக்கில் மேல் ஸ்வனேதி என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள உஷ்குலி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பழங்காலக் கல் கோபுரங்கள் நிற்கும் ஊர். அங்கு வாழும் ஸ்வான் மக்களுக்கு, மற்ற ஜார்ஜியர்களுக்கே விளங்காத தனிமொழி ஒன்று உண்டு. அவர்களுடைய பாட்டைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

அந்தப் பாட்டை ஒருவரே பாடிக்காட்டிவிட முடியாது என்பதுதான் அதன் முதல் இயல்பு. பெரும்பாலும் நடுக்குரல்காரர் எடுத்துக் கொடுக்க, உச்சக்குரல் அவருக்கு மேலே ஏற, கூடியிருக்கும் மற்றவர்கள் அனைவரும் கீழ்க்குரலில் சேர்ந்துகொள்கிறார்கள். ஒற்றைக் குரலையும் அதன் பின்னே சுருதியையும் கேட்டுப் பழகிய காதுக்கு இது முதலில் சற்றுக் கரடுமுரடாகவே படும். காரணம், சட்சமம், மத்திமம், பஞ்சமம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சேர்க்கை அங்கே மிக இயல்பானது. அடுத்தடுத்த சுரங்களான மத்திமமும் பஞ்சமமும் ஒன்றோடொன்று உரசும் அந்த ஓசையை அவர்கள் தவிர்ப்பதில்லை, விரும்பி நீட்டுகிறார்கள். அப்படி உரசிக்கொண்டே போன குரல்கள் முடிவில் ஒரே சுரத்தில் வந்து இணையும்போது, அதுவரை இருந்த இறுக்கம் எதற்காக என்பது விளங்கிவிடும். ஹார்மோனியக் கட்டைகளில் இந்தச் சுரங்களை அப்படியே பிடிக்க முடியாது. அதைக் கொண்டு இவர்கள் சுருதி தவறிப் பாடுகிறார்கள் என்று சொல்வது அறியாமை.

இந்தச் சுர அமைப்பை அளந்தறிய 2016-ஆம் ஆண்டு ஸ்வனேதிக்குச் சென்றவர்களில் ஒருவரான ஃபிராங்க் ஷெர்பௌம், ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிலநடுக்க ஆய்வாளர் என்பது சுவையான செய்தி. பாடகர்களின் தொண்டையில் தோலின் அதிர்வைப் பதியும் ஒலிவாங்கியைப் பொருத்தி, மூவரும் சேர்ந்து பாடும்போதே ஒவ்வொரு குரலையும் அவருடைய குழு தனித்தனியே பிரித்துப் பதிவு செய்தது. ஒருவர் பின் ஒருவராகத் தனியே பாட வைத்திருந்தால், ஒருவரையொருவர் கேட்டுச் சுரத்தை நகர்த்திக்கொள்ளும் அந்த நுட்பமே பதிவில் இல்லாமல் போயிருக்கும்.

துக்க வீட்டில் ஆண்கள் பாடும் ‘சாரி’ என்ற பாடலில் சொற்களே கிடையாது. வோய், வாய் என்ற ஒலிகளை மட்டும் மூன்று குரல்களும் மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போகின்றன. இறந்தவரின் பெயரோ பெருமையோ அதில் வருவதில்லை.

வாத்தியங்களில் ‘சுனிரி’யைக் குறிப்பிட வேண்டும். தோல் போர்த்திய வட்ட வடிவ மரச்சட்டத்தின் மேல் குதிரைமயிரால் ஆன மூன்று தந்திகள் ஓட, வில் மூன்றையும் ஒருசேரத் தொட்டு இழைக்கிறது. மழையிலும் மூடுபனியிலும் தோல் தளர்ந்து நாதம் மங்கும் என்பதால் வாசிக்கும் முன் வெயிலிலோ நெருப்பருகிலோ காய வைப்பார்கள். நாதத்தைக் கேட்டே வானிலையைக் கணித்ததும் உண்டு.

ஜார்ஜியாவின் பல்குரல் பாட்டை யுனெஸ்கோ 2001-இல் மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. எனினும், 1987 குளிர்காலப் பனிச்சரிவுகளுக்குப் பிறகு பல ஸ்வான் குடும்பங்கள் நாட்டின் தாழ்நிலப் பகுதிகளில் குடியமர்த்தப்பட்டன. மூவர் தேவைப்படும் பாட்டுக்கு இப்படிச் சிதறுவது, ஒருவர் பாடும் பாட்டுக்கு நேர்வதைவிடப் பெரிய இடர். மேல் ஸ்வனேதியின் முக்கிய ஊரான மெஸ்தியாவில் ‘ரிஹோ’ என்ற பாட்டுக் குழுவை நடத்திய இஸ்லாம் பில்பானி போன்றோர் பாட்டோடு இசைக்கருவிகளையும் இளையோருக்குக் கற்பித்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

இப்பாடல்களைத் தேடிக் கேட்க விரும்பும் நேயர்கள், முதல் தடவை உச்சக்குரலின் பின்னால் போகாமல் நடுக்குரலைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். மற்ற இரண்டும் எங்கே விலகுகின்றன, எங்கே சேருகின்றன என்பது தானாகப் புலப்படும். நன்றி, வணக்கம்.